சென்ற வழியும் எடுத்த படமும்

ஒளிப்படம் ஒன்று எதனைக் காட்டுகின்றது என்பது பார்த்த மாத்திரத்தே விளங்கும். எங்கே எடுக்கப்பட்டது என்பதோ எடுத்தவனுக்கே சில ஆண்டுகளில் மறந்துபோம். தூர்ந்த கேணி, பெயரறியா மரம், எழுத்துத் தேய்ந்த கல் ஆகியவற்றைப் படம்பிடித்து வந்த ஒருவன் பின்னர் அவற்றை மீண்டும் நாடிச் செல்ல விரும்பின், படம் மட்டும் அவனுக்கு வழிகாட்டாது. படத்தின் பின்புறத்தே ஊர்ப்பெயரை எழுதிவைத்தல் முன்னையோர் வழக்கம். ஆயின் ஊர்ப்பெயர் ஊரளவிலே நின்றுவிடும். வயலில் எந்த வரம்பு, காட்டில் எந்த ஓடை என்பதை அது கூறாது. இக்குறையைத் தீர்க்க எழுந்ததே ஜீ.பீ.எஸ். லொகர் எனப்படும் வழிப்பதிகருவி.

வழியைச் சொல்லிவைத்தல் தமிழருக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகளாக அமைந்தமையே அதற்குச் சான்று. ஆயின் ஆற்றுப்படை சென்று வந்தவன் செல்லவிருப்பவனுக்குக் கூறுவது. இக்கருவியோ சென்றவனுக்கே அவன் சென்ற வழியை மீட்டுரைப்பது.

இதன் இயக்கத்தைச் சிறிது நோக்குவாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புத் துறை அமைத்த ஜீ.பீ.எஸ். செய்மதித் தொகுதி 1995 ஆம் ஆண்டில் முழுமை பெற்று இயங்கலாயிற்று. ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் இச்செய்மதிகள் அணுமணிக்கூடுகளைத் தாங்கியவை. தான் நிற்கும் இடத்தையும் அப்போதைய நேரத்தையும் ஒவ்வொன்றும் வானொலி அலைமூலம் இடையறாது அறிவித்துக்கொண்டிருக்கும். அலை வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தாற் பெருக்கின் தூரம் பெறப்படும். இங்கே ஒரு செக்கனின் பத்து இலட்சத்திலொரு பங்கு பிழைப்பினும் தூரம் 300 மீற்றர் பிழைத்துவிடும். கையடக்கமான சிறு கருவியுள் அணுமணிக்கூட்டை வைத்தலும் இயலாது. ஆதலின் அகலக்கோடு, நெடுங்கோடு, உயரம் என்னும் மூன்றனோடு தன் மணிக்கூட்டின் பிழையையும் நான்காவது கணியமாகக் கொண்டு, நான்கு செய்மதிகளின் செய்தியால் நான்கினையும் கருவி ஒருங்கே கணித்துக்கொள்கின்றது. இடத்தைத் தேடப் புகுந்த கருவி நேரத்தையும் துல்லியமாகப் பெற்றுவிடுகின்றது என்பதை மனத்திற் கொள்க. பின்னர்க் கூறப்படும் முறை முழுவதற்கும் இந்நேரமே உயிர்.

தொடக்கத்தில் பொதுமக்களுக்கென விடப்பட்ட அலையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது; இடம் 100 மீற்றர் வரை பிசகும். 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் அக்கலப்பு நிறுத்தப்பட்ட பின்னரே ஒருவன் நடந்த ஒற்றையடிப் பாதையைக் கோடாக வரைந்து காட்டுதல் கைகூடிற்று. 2006 இல் சொனி நிறுவனம் வெளியிட்ட ஜீ.பீ.எஸ்.-சீ.எஸ்.1 என்னும் கருவி 15 செக்கனுக்கு ஒருமுறை இடத்தையும் நேரத்தையும் பதிவுசெய்தது. பின் வந்த ஹோலக்ஸ் எம்-241 பழைய படச்சுருள் டப்பாவின் வடிவும் அளவும் உடையது. ஒரேயொரு சிறு மின்கலத்தால் இயங்குவது. 130,000 இடங்களைத் தன்னுட் கொள்வது. ஐந்து செக்கனுக்கு ஒரு பதிவு எனக் கொள்ளின் அது 180 மணி நேர வழிக்குப் போதும். இத்தகைய கருவி தேசப்படம் எதனையும் காட்டாது. இடப்பக்கம் திரும்புக என்று சொல்லாது. சட்டைப்பையிற் கிடந்தபடியே சென்ற வழியைக் குறித்துக்கொண்டு வரும், அவ்வளவே.

இனிப் படத்தோடு இடம் இணையுமாறு காண்போம். படம்பிடி கருவி ஒவ்வொரு படக்கோப்பின் தலைப்பகுதியிலும் படமெடுத்த நேரத்தை எழுதிவிடும். வழிப்பதிகருவியிலோ நேரமும் இடமும் உள. வீடு திரும்பியபின் இரண்டினையும் கணினியில் இட்டால் அதற்குரிய செய்நிரல் நேரத்தோடு நேரத்தை ஒப்புநோக்கும். படம் 10 மணி 14 நிமிடம் 20 செக்கனில் எடுக்கப்பட்டதாகவும், வழிப்பதிவில் அந்நிமிடத்தின் 15 ஆம் செக்கனுக்கும் 30 ஆம் செக்கனுக்கும் உரிய இடங்களே இருப்பதாகவும் கொள்வோம். அவ்விரண்டிடங்களுக்கும் இடையே மூன்றிலொரு பங்கு தூரத்தில் அப்படத்தை வைத்து, அவ்விடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் படக்கோப்பினுள்ளே செய்நிரல் எழுதிவிடும். படமும் வழிப்பதிவும் ஒன்றையொன்று அறியா; நேரம் என்னும் நூலொன்றே இரண்டையும் பிணிக்கின்றது.

பிழை நுழையும் வாயிலும் அதுவே. செய்மதி தந்த நேரத்திற் பிழையில்லை. படம்பிடி கருவியின் மணிக்கூடோ கைம்முறையில் வைக்கப்பட்டு, மாதந்தோறும் சிறிது சிறிதாக விலகிச் செல்வது. அஃது ஒரு நிமிடம் பிந்தியிருப்பின், மணிக்கு 5 கிலோமீற்றர் நடப்பவனுடைய படம் 80 மீற்றருக்கு அப்பால் விழும். 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் புகைவண்டியிலிருந்து எடுத்த படம் ஒரு கிலோமீற்றர் தள்ளி விழும். கேணியின் படம் தேசப்படத்தில் அடுத்த ஊரிற் சென்று நிற்பது இவ்வாறே. இதற்குப் பரிகாரம் மிக எளிது. புறப்படுமுன் வழிப்பதிகருவியின் முகப்பில் தோன்றும் நேரத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுதல் வேண்டும். படத்திற் காணும் நேரத்துக்கும் கோப்பில் எழுதப்பட்ட நேரத்துக்கும் உள்ள வேறுபாடே திருத்தம். செய்நிரலில் அதனை ஒருமுறை கொடுத்தால் அன்றைய படங்கள் யாவும் சீர்ப்படும். இத்துணைச் சிறு வேலையைச் செய்யாதுவிட்டுக் கருவியைப் பழிப்போரே பலர்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. வழிப்பதிவு உலகப் பொதுநேரத்தில் அமைவது. படம்பிடி கருவி உள்ளூர் நேரத்தைக் காட்டுவது. இலங்கை நேரம் பொதுநேரத்தினும் ஐந்தரை மணி முந்தியது. ஆயின் 1996 இல் இலங்கையின் மணிக்கூடுகள் ஆறரை மணிக்கும், அவ்வாண்டிலேயே மீண்டும் ஆறு மணிக்கும் மாற்றப்பட்டு, 2006 ஏப்பிரலிலேதான் பழைய ஐந்தரைக்குத் திரும்பின. இடையிட்ட ஆண்டுகளில் இங்கே எடுத்த படங்களை வழிப்பதிவோடு இணைப்போர் இதனை மறந்தால் அரைமணி நேர வழி பிசகும்.

அடர்ந்த மரச்செறிவிலும் உயர்ந்த கட்டடங்களுக்கிடையிலும் அலை தடைப்பட்டும் தெறித்தும் வருதலால், அசையாது அமர்ந்திருந்தவனையும் கருவி அங்குமிங்கும் ஓடியவனாகக் காட்டும். அத்தகைய பதிவுகளைக் கண்ணாற் பார்த்து நீக்குதலே நன்று.

இடம் எழுதப்பட்ட படம் எழுதியவனுக்கு மாத்திரம் உதவுவதன்று. 2012 டிசம்பரில், தலைமறைவாயிருந்த யோன் மக்கஃபீ என்பவரின் படமொன்றை அமெரிக்கச் சஞ்சிகையொன்று வெளியிட்டபோது, கைத்தொலைபேசி அப்படத்தினுள் எழுதிவைத்திருந்த இடக்குறிப்பு அவர் குவாத்தமாலாவில் இருந்தமையை வெளிப்படுத்திற்று. தொலைபேசி படமெடுக்கும் கணத்திலேயே இடத்தை எழுதிவிடுகின்றது. தனி வழிப்பதிகருவியிலோ படம் வேறு, வழி வேறு. எப்படத்துக்கு இடம் எழுதுவது, எதனை வெறிதே விடுவது என்பது உரியவன் கையிலுள்ளது. தொலைபேசிகள் மலிந்த இக்காலத்தும் சிலர் இச்சிறு கருவியைக் கைவிடாமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

பழைய கருவியை வைத்திருப்போர் அறியவேண்டியது ஒன்றுண்டு. செய்மதிகள் நாளை வாரக்கணக்கில் அறிவிப்பன; அக்கணக்கு 1024 வாரங்கள் நிறைந்ததும் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். 1980 இல் தொடங்கிய கணக்கு 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்பிரலிலும் அவ்வாறு திரும்பிற்று. இதனை உணராத பழைய கருவிகள் சில, இடத்தைச் சரியாகக் குறித்தும் நாளை ஏறத்தாழ இருபது ஆண்டு பின்னே எழுதுகின்றன. அவ்வழிப்பதிவோடு இணைக்கும்போது எப்படத்துக்கும் இடம் கிடையாது. பதிவின் ஒவ்வொரு நாளோடும் 7,168 நாட்களைக் கூட்டிவிட்டால் படங்கள் தத்தம் இடத்திற் சென்று அமையும்.