கரைமேல் போகும் வழி
மிதிவழி – 9

சென்ற வாரம் இத்தாலியின் லிகூரியாக் கடற்கரையில் நிறுத்தியிருந்தோம். மலை நேராகக் கடலில் இறங்கும் ஊர்கள் அவை. மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடைத்த கொஞ்ச இடத்தில் ஒரு சாலையும் ஒரு ரயில் பாதையும் நெருக்கியடித்துக்கொண்டு ஓடின. 2001ல் ரயிலை மலைக்குள் தள்ளிக் கொண்டுபோனார்கள். கடலோரம் காலியான பழைய தண்டவாள மேட்டைச் சைக்கிளுக்கு விட்டார்கள். சான் லோரென்சோ முதல் ஒஸ்பெதலெத்தி வரை 24 கிலோமீட்டர். மோட்டார் வண்டி எதுவும் வராது. ரயிலுக்காக வெட்டிய தடம் என்பதால் பெரிய ஏற்றமும் கிடையாது. ஸ்பெயினிலும் இப்படித்தான். கைவிட்ட ரயில் தடங்களைச் சைக்கிளுக்கும் நடைக்கும் திருப்பும் வேலையை 1993ல் தொடங்கினார்கள். இன்று அந்தத் தடங்கள் 3,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன. ஓலோத் என்ற எரிமலைப் பகுதி ஊரிலிருந்து ஜிரோனா வழியாகக் கடல்வரைக்கும் குடும்பத்தோடு மிதித்து இறங்கிவிடலாம்.

மலையும் சரிவும் உள்ள நிலத்தில் வண்டித் தொல்லையில்லாத வழி வேண்டுமானால், யாரோ முன்பே சமன்படுத்தி வைத்த ஒரு தடம் வேண்டும். அங்கே ரயில்காரர்கள் அதைச் செய்துவைத்தார்கள். நம் ஊரில் செய்துவைத்தவர்கள் யார் என்று பார்க்கத்தான் இந்த வாரம் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வந்திருக்கிறோம்.

ரயில் தடத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். விருதுநகரிலிருந்து தென்காசிக்கு 1927ல் போட்ட மீட்டர்கேஜ் பாதை பின்னாளில் அகலப்பாதையாக மாறி, அதன்மேல் இன்றும் பொதிகை எக்ஸ்பிரஸ் போகிறது. அது கைவிடப்படாமல் இருப்பது நமக்கு நல்லதே. இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள சாலையோ தேசிய நெடுஞ்சாலை 744. தூரம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர்தான். ஆனால் செங்கோட்டை வழியாகக் கேரளா போகும் சரக்கு லாரியெல்லாம் அதில்தான். பக்கத்தில் ஒரு லாரி கடந்தால் ஹேண்டில்பார் ஆடும். குழந்தையை அழைத்துக்கொண்டு போகிற சாலை இல்லை அது.

சாலையை விட்டு மேற்கே திரும்பிப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் எல்லாம் கிழக்கு நோக்கி ஓடி வைப்பாற்றில் சேர்கின்றன. அந்த ஓட்டத்தைக் குறுக்கே மறித்து, அடிவாரத்திலிருந்து சமவெளி வரை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கண்மாய்கள். மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். சரிவு மேற்கிலிருந்து கிழக்கே இறங்குவதால், அதை மறிக்கும் கரை பெரும்பாலும் வடக்கு தெற்காகக் கிடக்கும். நமக்கு வேண்டிய திசையும் அதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் வடக்கே, ராஜபாளையம் தெற்கே.

ரயில் மேட்டில்கூட லேசான ஏற்றம் இருக்கும். கண்மாய்க் கரையில் அதுவும் இல்லை. தண்ணீருக்கு மட்டம் ஒன்றுதான். அதைப் பிடித்து நிறுத்தும் கரையும் ஒரே மட்டத்தில் போய்த்தான் ஆகவேண்டும். கியர் இல்லாத பழைய சைக்கிள் போதும். காலையில் தெற்கு நோக்கிப் போனால் வலப்பக்கம் தண்ணீர், அதற்கு அப்பால் வெயில் விழுந்து துலங்கும் மலை. இடப்பக்கம், ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே, வயலும் தென்னையும். கரையோரம் பனை. தண்ணீர் வற்றிய மாதங்களில் உள்வாயில் ஆடு மேயும். கார்த்திகையில் அதே இடத்தில் நாரையும் நீர்க்காகமும் நிற்கும். இதைவிட நல்ல தடத்தை லிகூரியாவில் பார்க்கவில்லை என்று மனசாரச் சொல்வேன்.

ஆனால் எல்லாக் கரையும் ஓட்டுவதற்கு ஏற்றதல்ல. மராமத்துப் பார்த்த கரை மண் இறுகிக் கிடக்கும்; மாட்டுவண்டியோ டிராக்டரோ போன தடம் இருந்தால் போதும், சைக்கிள் ஓடும். மராமத்துக் காணாத கரையில் சீமைக்கருவேலம் இரண்டு பக்கமும் வந்து மூடியிருக்கும். அதன் முள் டயரையும் டியூபையும் சேர்த்துத் துளைத்து உள்ளேயே ஒடிந்து நிற்கும். பஞ்சர் ஒட்டியபின் டயரின் உட்புறத்தை விரலால் தடவி அந்த முள்ளை எடுக்காவிட்டால், நூறு அடி போவதற்குள் மறுபடியும் காற்று இறங்கிவிடும். மாற்று டியூப், ஒட்டும் பசை, கைப்பம்பு மூன்றும் இல்லாமல் கரையில் ஏறாதீர்கள். பஞ்சர் கடை சாலையில்தான் இருக்கிறது, கரையில் இல்லை.

அடுத்தது மறுகால். கரை ஓரிடத்தில் தாழ்ந்து கற்கட்டாக மாறும். மிகுந்த தண்ணீர் வெளியேறும் கலிங்கு அது. வறண்ட காலத்தில் இறங்கிச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடந்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் அப்படிச் செய்யக்கூடாது. ஒரு முறை மம்சாபுரம் பக்கம் ஒரு கரையில் போய்க்கொண்டிருந்தபோது மண்வெட்டியோடு எதிரே வந்த பெரியவர் ஹேண்டிலைப் பிடித்து நிறுத்தினார். “தம்பி, மறுகால் பாயுது. முழங்கால்தான்னு தெரியும், கீழ பாசி. இப்படியே திரும்பிப் போயிருங்க.” மடை திறந்து தண்ணீர் பாய்ச்சுகிறவர் அவர். அந்தக் கரையில் எந்த அடியில் மண் இளகும், எந்த அடியில் நண்டு வளை போட்டிருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கரை அவரைப் போன்றவர்களுடையது. அவர் போகாதே என்றால் போகக்கூடாது, அவ்வளவுதான் விதி.

கரை கிடைக்காத இடங்களில் ஊர்ச்சாலைகள் கைகொடுக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நெடுஞ்சாலையைத் தொடாமல் மம்சாபுரம் வழியாக ராஜபாளையம் போகும் சாலை அவற்றில் முதலாவது. காலை எட்டரை மணிக்கு அதில் போனால் உங்களோடு வரும் வண்டிகளில் பாதி, அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுடையதாக இருக்கும். பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கும் மாநிலம் இது. ஐரோப்பாவில் சைக்கிள் தடம் போட்டுவிட்டு ஓட்ட ஆள் தேடிய ஊர்களும் உண்டு. இங்கே ஓட்டுகிறவர்கள் ஏற்கெனவே சாலையில் இருக்கிறார்கள்.

மலையை நோக்கிப் போகும் கிளைச் சாலைகள் இன்னொரு வகை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர். ராஜபாளையத்திலிருந்து முடங்கியாறு சாலையில் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் தாண்டி அய்யனார் கோவில் வரை. இரண்டும் மாந்தோப்பும் தென்னந்தோப்புமான வழி. சித்திரை, வைகாசியில் ராஜபாளையத்துச் சப்பட்டை மாங்காய் வண்டி வண்டியாக இறங்கும் சாலைகள் அவை. அந்த இரண்டு மாதம் மட்டும் மினி லாரிகளுக்கு ஒதுங்கிக் கொடுத்துப் போக வேண்டியிருக்கும். போகும்போது ஏற்றம் இருப்பதே தெரியாது. திரும்பும்போது மிதிக்காமலே வண்டி ஓடுவதைப் பார்த்துத்தான், இவ்வளவு ஏறியிருக்கிறோமா என்று விளங்கும்.

இந்த வட்டாரத்தில் வண்டி நெரிசலுக்குக் கடிகாரத்தைவிடப் பஞ்சாங்கம்தான் கணக்கு. சாதாரண செவ்வாய்க்கிழமை மகாராஜபுரத்திலிருந்து தாணிப்பாறைக்குப் போகும் சாலை முழுக்க உங்களுக்குத்தான். அமாவாசை, பௌர்ணமி என்றால் சதுரகிரி மலைக் கோவிலுக்குப் போகிறவர்களின் வேனும் பேருந்தும் வரிசை கட்டும்; ஆடி அமாவாசையன்று அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. புரட்டாசிச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே உள்ள திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் கோவில் சாலை கொள்ளாது. ஆடிப்பூரத் தேருக்கு ஆண்டாள் கோவிலைச் சுற்றி எந்தத் தெருவிலும் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகக்கூட இடமிருக்காது. தேர் பார்க்கப் போங்கள், சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு. மற்ற நாட்களில் 192 அடி ராஜகோபுரம் நமக்கு நல்ல வழிகாட்டி. எந்தக் கரையில் வழி தவறினாலும் அதை வைத்துத் திசை பிடித்துவிடலாம்.

காற்றையும் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று அடித்துக்கொண்டு வரும். ராஜபாளையத்துக்குத் தெற்கே போகப்போக அதன் வேகம் கூடும். உடம்பில் தெம்பு இருக்கும் காலையிலேயே தெற்கே போய்விட்டு, திரும்பும்போது அதை முதுகில் வாங்கிக்கொள்வது நல்லது.

கூமாபட்டியைச் சொல்லாமல் இந்த வாரத்தை முடிக்க முடியாது. வத்திராயிருப்பைத் தாண்டி, பிளவக்கல் அணைக்குப் போகும் வழியில் உள்ள ஊர். அங்கே பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். 2025ல் சமூக ஊடகத்தில் பரவிய ஒரு வீடியோ அந்த ஊரைத் தமிழ்நாடு முழுக்கப் பேசவைத்தது. காரும் மோட்டார் சைக்கிளுமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஊர்க்காரர்களுக்கு அதில் பெருமை உண்டு, கொஞ்சம் வியாபாரமும் உண்டு. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தச் சாலையின் அகலம் நெல் ஏற்றிய டிராக்டர் ஒன்று போவதற்கானது. பார்க்க வருகிறவர்கள் வத்திராயிருப்பிலேயே காரை நிறுத்திவிட்டு, வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு வயல் நடுவே போகலாம் என்று ஓர் ஏற்பாடு இருந்தால், ஊருக்கும் நெரிசல் குறையும், வந்தவர்களும் ஊரை நிதானமாகப் பார்ப்பார்கள். கூமாபட்டிக்காரர்கள் கையில் அந்தச் சைக்கிள் கடைகள் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சைக்கிள் எங்கே நிற்க வேண்டும் என்பதும் முக்கியம். 1988ல் இந்த மலைப்பகுதியில் சாம்பல் நிற அணில்களுக்காக 485 சதுர கிலோமீட்டரில் சரணாலயம் அமைத்தார்கள். 2021ல் அது மேகமலையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாக ஆனது. செண்பகத்தோப்பில் வனத்துறைச் சோதனைச் சாவடியோடு நம் தடம் முடிகிறது. அனுமதி இல்லாமல் அதற்கு அப்பால் ஓர் அடிகூட வேண்டாம். யானைகள் இரவில் தோப்புக்குள் இறங்கி வரும் பகுதி இது. ஆகவே விடிந்தபின் கிளம்பி, பொழுது சாயும் முன்பே அடிவாரத்தை விட்டு வந்துவிடுங்கள். மலையைக் குடைந்து வருசநாட்டுக்குச் சாலை வேண்டும் என்று இந்தப் பக்கம் வெகுநாளாக ஒரு கோரிக்கை உண்டு. தேனிக்குச் சுற்றிப் போகிறவர்களின் அலுப்பு எனக்குப் புரிகிறது. இருந்தாலும் அந்தச் சாலை வேண்டாம் என்பதே என் கருத்து. மேலே காடு இருப்பதால்தான் கீழே ஓடையில் தண்ணீர் வருகிறது. ஓடையில் தண்ணீர் வருவதால்தான் கண்மாய், கண்மாய் இருப்பதால்தான் கரை.

இப்போது லிகூரியாவுக்குத் திரும்புவோம். அங்கே ரயில் விலகியது. இங்கே விலகப்போவது நெடுஞ்சாலை. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரை நான்குவழிச் சாலை போடுகிறார்கள். ஊர்களைச் சுற்றி விலகிப் போகும் இடங்களில், கேரள லாரிகள் புதுச் சாலைக்குப் போய்விட்டால், பழைய சாலைக்கு மூச்சு கிடைக்கும். அந்த நேரத்தில் யாரும் கேட்காவிட்டால் அந்த இடத்தைக் கடைகளும் பார்க்கிங்கும் பிடித்துக்கொள்ளும். கேட்க வேண்டியதும் பெரிதல்ல. பழைய சாலையில் ஒரு பக்கம் சைக்கிளுக்கு என்று ஒதுக்கிய ஒரு கோடு. ஓட்டத் தகுந்த கண்மாய்க் கரைகளையும் மம்சாபுரம் சாலையையும் அதோடு இணைத்துக் காட்டும் கல் பலகைகள். கரையில் சீமைக்கருவேலம் வெட்ட ஆண்டுக்கொரு முறை மராமத்து. கலிங்கு உள்ள இடத்தில் மழைக்காலத்துக்கு மாற்றுவழி காட்டும் அம்புக்குறி.

கான்கிரீட் வேண்டாம். கரையில் சிமென்ட் தளம் போட்டால் மோட்டார் சைக்கிள் ஏறும், அதன்பின் கார் ஏறும். பிறகு மண் எங்கே உள்வாங்குகிறது, எங்கே கசிகிறது என்று தண்ணீர் பாய்ச்சுகிறவருக்குத் தெரியாமல் போய்விடும். விளக்குக் கம்பமும் வேண்டாம். இரவில் கரை நாரைகளுக்கு. நீர்வளத்துறையும் ஆயக்கட்டு விவசாயிகளும் ஒப்புக்கொண்டால் மட்டுமே எந்தக் கரையும் இந்தத் தடத்தில் சேர வேண்டும். அறுவடைக் காலத்தில் கரைமேல் நெல் காயும்போது நாம் சாலைக்கு இறங்கிப் போக வேண்டியதுதான்.

முதல் முறை போகிறவர்களுக்கு என் யோசனை: ஸ்ரீவில்லிபுத்தூரில் காலை ஆறு மணிக்குக் கிளம்பி, மம்சாபுரம் வழியாக ராஜபாளையம், அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு முடங்கியாறு சாலையில் ஆறாவது மைல் வரை, வெயில் ஏறுமுன் திரும்பல். இரண்டு பாட்டில் தண்ணீர் வேண்டும். கிழக்கே சத்திரப்பட்டிப் பக்கம் போகிறவர்களுக்கு வேறு உலகம்: மருத்துவமனைக் கட்டுத் துணி நெய்யும் விசைத்தறிகளின் சத்தம் சாலையோரம் கூடவே வரும். அந்தச் சாலைகள் மலைப்பக்கச் சாலைகள்போல் அமைதியானவை அல்ல, நிழலும் குறைவு. ஆனால் ஒரு ஞாயிறு காலை அதற்கும் கொடுக்கலாம்.

அடுத்த வாரம் இன்னும் தெற்கே: சேத்தூர், தேவதானம், சாஸ்தா கோவில் ஓடை வரை.