மலை மானும் பெருநாள் பங்கும்

பிளவக்கல் அணையின் கரையில் நின்று மேற்கே நோக்கியிருக்கிறீர்களா? வத்திராயிருப்பைத் தாண்டி, தென்னந்தோப்புகளையும் கடந்து சென்றால், மேற்குத் தொடர்ச்சி மலை கைக்கெட்டும் தூரத்தில் எழுந்து நிற்கும். மதரஸா மாணவர்கள் சிலரோடு அங்கு சென்றிருந்தபோது ஒரு சிறுவன் மலையைச் சுட்டிக் கேட்டான்: "ஹஜ்ரத், மான் கறி ஹலால்தானே? வேட்டையாடி ஏழைகளுக்குக் கொடுத்தால் நன்மைதானே?"

சிரித்துவிட்டு நகரக்கூடிய கேள்வியன்று அது. மான் ஹலால்தான், ஆனால் அந்த மலையின் மான் நமக்குரியதன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடுத்திருக்கிறது. மீறுவோருக்குச் சிறை உண்டு. சாம்பல் நிற அணில்களுக்காக 1988இல் சரணாலயமாக்கப்பட்ட இக்காடு, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. இரவோடு இரவாகச் சுட்டு வந்த கறியைத் தருமம் செய்வது, அடுத்த வீட்டு ஆட்டைத் திருடிக் குர்பானி கொடுப்பதைப் போன்றது என்று அவனுக்குச் சொன்னேன்.

ஆயினும் அவன் கேட்டது வெறுங்கனவன்று. அமெரிக்காவில் அது நடைமுறையிலேயே இருக்கிறது. ஓநாய்கள் அழிந்துபோன பல மாநிலங்களில் வெண்வால் மான்கள் பெருகிப் பயிரை மேய்கின்றன. சாலைகளில் வாகனங்கள் முன் பாய்கின்றன. எனவே உரிமம் பெற்றவர்கள் உரிய பருவத்தில் வேட்டையாட அரசுகள் அனுமதிக்கின்றன. அந்தக் கறியை விற்கக்கூடாது, கொடுக்கலாம். வர்ஜீனியா மாநிலத்தில் 1991 முதல் வேட்டைக்காரர்கள் தம் மானைக் கறிக்கடையில் ஒப்படைக்க, அது வெட்டிக் கொத்தப்பட்டு, பொட்டலங்களாக உணவு வங்கிகளுக்குப் போகிறது. வேறு பல மாநிலங்களிலும் இத்தகைய அமைப்புகள் உண்டு.

அங்கும் ஒரு சோதனை வந்தது. 2008இல் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஒரு மருத்துவர் அத்தகைய பொட்டலங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். தோட்டாவின் ஈயத்துகள்கள் கறியில் சிதறிக் கிடந்தன. ஏழைகளுக்கு அதை வழங்கவேண்டாமென்று சுகாதாரத்துறை அறிவுறுத்தியது. கொடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு கொடுக்கவில்லை. தம் வீட்டிலும் அதே கறியைத்தான் உண்டு வந்தார்கள்.

வேட்டைக் கறியைப் பகிர்வது நமது வரலாற்றிலும் உண்டு. ஹுதைபிய்யா ஆண்டில் இஹ்ராம் அணியாதிருந்த அபூகதாதா (ரலி) அவர்கள், தாமே காட்டுக்கழுதை ஒன்றை வேட்டையாடினார்கள். (வீட்டுக் கழுதைதான் விலக்கப்பட்டது, காட்டுக்கழுதை கூடும்.) இஹ்ராமிலிருந்த தோழர்கள் அவர் கேட்டும் சாட்டையைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. பிறகு அந்தக் கறியை உண்ணலாமா எனத் தயங்கினர். நபி (ஸல்) அவர்கள், உங்களில் எவரேனும் வேட்டைக்கு உதவினீர்களா என்று விசாரித்து, இல்லையென்றதும் உண்ண அனுமதித்தார்கள். மீதமிருந்ததைத் தாமும் கேட்டுப் பெற்று உண்டார்கள். எப்படி வந்த கறி என்ற விசாரணைக்குப் பிறகுதான் விருந்து!

வேட்டைக்கு வழியில்லாத நமக்கு, ஏழையின் அடுப்பில் கறி வேக வைக்கும் வாய்ப்பு ஹஜ்ஜுப் பெருநாளில் வருகிறது. அங்கே நாம் எப்படி நடந்துகொள்கிறோம், சகோதரிகளே? தொடையும் ஈரலும் குளிர்சாதனப் பெட்டிக்கு. கொழுப்பும் எலும்பும் வாசலில் பாத்திரத்தோடு நிற்பவருக்கு. எல்லா வீட்டிலும் என்று சொல்லமாட்டேன். ஆனால் பெட்டி பெரிதாகப் பெரிதாக வாசல் பங்கு சிறுத்து வருவதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் பசியோடு நாட்டுப்புற ஏழைகள் மதீனாவுக்கு வந்தபோது, குர்பானிக் கறியை மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருக்க நபி (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள். அடுத்த வருடம் சேமித்துக்கொள்ளவும் அனுமதித்தார்கள். தடை எதற்காக வந்தது என்பதை மறந்துவிட்டு அனுமதியை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் நாம்.

எங்கள் வீட்டில் என் மனைவி ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார். தொடை, நெஞ்சு, எலும்பு அனைத்தும் ஒரே பாயில் கலந்த பிறகுதான் தராசு வெளியே வரும். ஏழைகளின் பங்கும் உறவினர் பங்கும் வாசற்படி தாண்டிய பிறகே மூன்றாவது பங்கு அடுக்களைக்குள் நுழையும். அன்று பகல் சாப்பாடு கொஞ்சம் தாமதமாகும், பிள்ளைகள் முணுமுணுப்பார்கள்.