காற்றாலைக்குப் போகும் கட்டுச்சோறு

உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை 1991இல் டென்மார்க்கின் லோலண்ட் தீவுக்கு எதிரே, விண்டெபியில் எழுந்தது. அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்கு யார் சோறு போடுவது என்று யாரும் கேட்டிருக்கத் தேவையில்லை. மொத்தம் 11 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 450 கிலோவாட். கரையிலிருந்து ஒன்றரை முதல் மூன்று கிலோமீட்டர் தூரம்தான். காலையில் படகேறிப் போய்ப் பழுது பார்த்துவிட்டு, விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பிவிடலாம். மதியச் சாப்பாடு அவரவர் பாடு. டேனிஷ்காரர்கள் வழக்கமாகக் கட்டிக்கொண்டு போகும் கறுப்பு ரொட்டி, அதன்மேல் தடவிய ஈரல் விழுது, ஒரு ஃப்ளாஸ்க் காப்பி என்று ஒரு டப்பாவுக்குள் கேட்டரிங் முடிந்துவிடும்.

2002இல் ஜட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ஹோர்ன்ஸ் ரெவ் வந்தது. 80 காற்றாலைகள், கரையிலிருந்து 14 முதல் 20 கிலோமீட்டர். அப்போதும் சாப்பாடு டப்பாவில்தான் போனது. தூரம் மட்டும் கூடியதால், சாப்பிட்டது வயிற்றில் நிற்குமா என்பது புதுக் கவலையானது. இந்தத் தொழிலில் ஆட்களை ஏற்றிப்போகும் இரட்டை உடல் படகுகளில் வழக்கமாகப் 12 பேர் போவார்கள். ஒரு கெட்டில், ஒரு மைக்ரோவேவ், ஒரு சின்ன ஃபிரிட்ஜ், அவ்வளவுதான் படகின் அடுக்களை. அலை ஒன்றரை மீட்டரைத் தாண்டினால், படகின் மூக்கைக் கோபுரத்து ஏணியில் முட்டி நிறுத்தி ஆளை ஏற்றுவது ஆபத்து. அன்றைக்கு வேலை இல்லை, டப்பா அப்படியே வீட்டுக்குத் திரும்பும்.

கரைக்கு அருகில் நல்ல இடங்கள் தீரத் தீர, பண்ணைகள் உள்ளே நகர்ந்தன. 2009இல் திறந்த ஹோர்ன்ஸ் ரெவ் 2 கரையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். தினமும் போய்வருவதிலேயே பாதி நாள் தீர்ந்துவிடும் என்று, கடலுக்குள்ளேயே 24 பேர் தங்க ஒரு குடியிருப்பு மேடை கட்டினார்கள். காற்றாலைத் தொழிலில் அதுவே முதல். மற்ற இடங்களில் கட்டுமானக் காலத்துக்குப் பழைய பயணிகள் கப்பல்களைக் கொண்டுவந்து மிதக்கும் விடுதியாக நிறுத்தினார்கள். சாப்பாடு அங்கேதான் கைமாறியது. அதுவரை தொழிலாளியின் சொந்த விஷயமாக இருந்தது, ஒப்பந்தத்தில் ஒரு பிரிவாகிவிட்டது. எண்ணெய் மேடைகளுக்குச் சமைத்துப் பழகிய நிறுவனங்கள் இதற்கும் வந்தன. வளைகுடா எண்ணெய் மேடைகளில் வேலை பார்த்துவிட்டு வந்த நம்மூர்க்காரர்களைக் கேட்டால், சாப்பாட்டையும் தங்குமிடத்தையும் கவனிக்கும் ‘கேம்ப் பாஸ்’ எப்படிப்பட்ட அதிகாரி என்று சொல்வார்கள். மேடையின் தலைவரைப் பகைத்துக்கொண்டாலும் கேம்ப் பாஸைப் பகைத்துக்கொள்ள மாட்டார்கள்.

2015இல் எஸ்வாக்ட் ஃபிரவுட், எஸ்வாக்ட் ஃபாரடே என்று இரண்டு கப்பல்கள் வேலைக்கு வந்தன. காற்றாலைப் பராமரிப்புக்கென்றே வடிவமைத்த சேவைக் கப்பல்களில் இவை முதலில் வந்தவை. அலையின் ஆட்டத்தை ஈடுகட்டும் நடைபாலத்தைக் கோபுரத்தோடு இணைத்து, ஆட்களை நடந்தே போக விடுகிறார்கள். சுமார் 60 பேர் தங்கலாம், இரண்டு வாரம் கரையை எட்டிப்பார்க்க வேண்டியதில்லை. இங்கிலாந்துக்குக் கிழக்கே ஹார்ன்சீ 1 கரையிலிருந்து 120 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது, டாகர் பேங்க் 130ஐயும் தாண்டிவிட்டது. அங்கிருந்து சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது.

இன்றைய கேட்டரிங் மேலாளரின் கணக்கு இந்தத் தூரத்திலிருந்துதான் தொடங்குகிறது. 60 பேர், மூன்று வேளை, 14 நாள் என்றால் 2,520 தட்டு. இரவுப் பணி நடந்தால் நள்ளிரவுச் சாப்பாடு தனி. வேலை 12 மணி நேரம், ஏணியும் இரும்பும் நிறைந்தது, பசி அதற்கேற்ற பசி. துறைமுகத்தில் ஏற்றும் கீரையும் பழமும் முதல் வாரத்தோடு வாடிவிடும், இரண்டாம் வாரத்துக்கு முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட் என்று பங்கு பிரித்து வைக்க வேண்டும். ரொட்டி கெடும், மாவு கெடாது. அதனால் தினமும் கப்பலிலேயே சுட்டால்தான் நல்லது. புயல் வந்து ஆள்மாற்றம் தள்ளிப்போனால் கூடுதல் நாட்களுக்கும் கையிருப்பு வேண்டும். ஐரோப்பியச் சட்டப்படி ஒவ்வாமை தரும் 14 பொருள்களில் எது எந்தப் பதார்த்தத்தில் இருக்கிறது என்று அறிவித்தாக வேண்டும்.

கடல் கொந்தளிக்கும் நாள்தான் சமையல்காரருக்குச் சோதனை. அன்றைக்கு வெளியே வேலை நடக்காது, எல்லோரும் கப்பலிலேயே இருப்பார்கள். பொழுது போகாதவனுக்கு நாக்கு தேடும். அதே நேரத்தில் கொதிக்கும் எண்ணெயை அடுப்பில் வைக்க முடியாது, சட்டி நகராமல் அடுப்பைச் சுற்றிக் கம்பி கட்ட வேண்டும். பாதிப் பேர் விருந்து கேட்பார்கள், மீதிப் பேர் வறண்ட பிஸ்கட்டோடு படுத்திருப்பார்கள். ஆனால் மேலாளர் இதைவிட அதிகமாகப் பயப்படுவது வயிற்றுப்போக்குக்குத்தான். ஒரே கூடத்தில் சாப்பிடும் ஆட்களிடையே அது பரவினால், பண்ணை முழுவதும் வேலை நிற்கும்.

சட்டம் மெதுவாகத்தான் பின்னால் வந்தது. 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, மாலுமிக்கு இலவச உணவு, பயிற்சி பெற்ற சமையல்காரர், மதத்தையும் பண்பாட்டையும் கருத்தில் கொண்ட சாப்பாடு ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. ஆனால் காற்றாலை டெக்னீஷியன் மாலுமியா, பயணியா? இரண்டும் இல்லை. கப்பல் பாதுகாப்பு விதிகளில் இவர்களைப் போன்றவர்களுக்கென்று தனி அத்தியாயம் 2024 ஜூலையில்தான் அமலுக்கு வந்தது. நல்லவேளை, சாப்பாட்டுக் கூடம் அதுவரை காத்திருக்கவில்லை. மாலுமியும் டெக்னீஷியனும் ஒரே அடுப்பின் சமையலைத்தான் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள்.

இத்தனை மாறியும் மதியம் மட்டும் மாறவில்லை. கப்பல் காலையில் ஒவ்வொரு குழுவாகக் காற்றாலைகளில் இறக்கிவிட்டு, மாலையில் திரும்ப ஏற்றிக்கொள்ளும். நடுவே எல்லோரையும் சூடான சாப்பாட்டுக்கு அழைத்துவந்தால், பாலம் போடுவது இரட்டிப்பாகும், வேலை நேரம் கரையும். ஆகவே காலையிலேயே அவரவர் தமக்கான சாண்ட்விச்சைக் கட்டி, ஃப்ளாஸ்க்கில் சூப்பை ஊற்றிக்கொண்டு, உச்சியில் இருக்கும் இயந்திர அறைக்கு ஏறுகிறார்கள். பெரும்பாலான காற்றாலைகளில் கழிப்பறை கிடையாது. அதற்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள் உண்டு, பெண்கள் அதிகமாகவே. இதற்கு எந்த மெனுவாலும் பதில் சொல்ல முடியாது. கப்பலில் உடற்பயிற்சிக் கூடமும் சினிமா அறையும் கட்டத் தெரிந்தவர்கள், கோபுரத்துக்குள் ஒரு கழிப்பறைக்கு இத்தனை ஆண்டுகள் யோசிப்பது எனக்கு விளங்கவில்லை.

தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட், குஜராத் கடலில் 500 மெகாவாட் காற்றாலைகளுக்கான நிதியுதவிக்கு ஒன்றிய அரசு 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. மன்னார் வளைகுடாவில் தமிழ்நாட்டுக் காற்றாலைகள் எழும் காலத்தில் நம் கேம்ப் பாஸுக்கு வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. சாண்ட்விச்சைக் காகிதத்தோடு பிடித்து ஒற்றைக் கையால் கடித்துவிடலாம், நம் சாப்பாடு பிசைந்து சாப்பிடுவது. புளியோதரை மதியம்வரை தாங்கும், தயிர்சாதமும் ஓரளவு தாங்கும். கிரீஸ் படிந்த கையைக் கழுவ மேலே குழாய் வேண்டும், இல்லையென்றால் டப்பாவோடு ஸ்பூனையும் கொடுத்தனுப்ப வேண்டும்.