வெள்ளம் சூழ்ந்த வீட்டில் மின்சாரம்

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. முந்தின நாள் பிடித்த மழை விடவே இல்லை. மலேசியாவில் கிள்ளான் ஆற்றை ஒட்டிய ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வரிசை வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கியது. மேல்மாடியிலும் கூரையிலும் ஏறி நின்றவர்கள் படகுக்காகக் காத்திருந்தார்கள். சிலருக்கு அது நாள் கணக்கில் நீண்டது. நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்டோர் அந்த வெள்ளத்தில் இறந்தனர். இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை பின்னர் கணக்கிட்டது.

மின்சாரமும் இல்லை. வெள்ளம் ஏறும் இடங்களில் மின்விநியோக நிறுவனமான தெனாகா நேஷனல் துணைமின்நிலையங்களை அணைத்துவிடும். கோபப்பட இதில் எதுவும் இல்லை. முட்டளவுத் தண்ணீரில் 230 வோல்ட் கசிந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அதே கிள்ளான் ஆறு கடலில் சேரும் இடத்தில், கிள்ளான் துறைமுகத்துப் பக்கம், பாய்மரப் படகிலேயே குடியிருப்பவர்கள் நங்கூரமிட்டுத் தங்குவதுண்டு. அவர்களுக்குக் கம்பியும் இல்லை, மீட்டரும் இல்லை. இருப்பது பேட்டரியும் சோலார் பலகையும்தான். அவர்கள் கைவிடாத ஒரு வழக்கம், இன்ஜினை முடுக்க ஒரு பேட்டரி, விளக்குக்கும் விசிறிக்கும் வேறொரு பேட்டரி என்று பிரித்து வைப்பது. விளக்கு எரிந்தே பேட்டரி தீர்ந்தாலும் இன்ஜின் கிளம்பும். மாடியில் சிக்கியவருக்கும் இதுவே பாடம். ஒரு பவர் பேங்கை முழுதாகச் சார்ஜ் செய்து, மீட்புக்குழுவை அழைக்க மட்டுமே என்று ஒதுக்கிவிடுங்கள். பிள்ளைகள் வீடியோ பார்க்க அதைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

கணக்கு எளிதுதான். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கிறது. பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் கையில் இருப்பது 600 என்றே வையுங்கள். 9 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு, இரவில் ஆறு மணி நேரம்: 108. 20 வாட் டி.சி. விசிறி பன்னிரண்டு மணி நேரம்: 240. நான்கு கைப்பேசிகள்: சுமார் 60. மொத்தம் 408. ஆக, ஒரு நாள் தாராளமாக ஓடும். சிக்கனமாக இருந்தால் இரண்டாம் நாளையும் இழுத்துப் பிடிக்கலாம். 700 வாட் சோற்றுப் பானையை அரை மணி நேரம் போட்டாலே 350 போய்விடும். ஐஸ் பெட்டியை மறந்துவிடுங்கள்.

கூரையில் சோலார் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெனாகா கம்பியோடு இணைந்த சாதாரண சோலார், வெளியே மின்சாரம் போனதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பேட்டரியும் அதற்கேற்ற இன்வர்ட்டரும் இருந்தால்தான் வெள்ள நாளில் உதவும். விற்க வருபவர் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. நாம்தான் கேட்க வேண்டும். இன்னொன்று, வெளிச்சம் இருக்கும்வரை பலகையில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். மெயினை அணைத்தாலும் அந்த வயரைத் தொடக் கூடாது.

ஜெனரேட்டர் இன்னும் ஆபத்து. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. படகு அறையில் தூங்குபவர்கள் எழாமலே போவதற்குக் காரணமாகும் அதே வாயு, மாடிப்படியிலோ மூடிய பால்கனியிலோ ஜெனரேட்டரை ஓட்டினால் நம் படுக்கையறைக்கும் வரும். சன்னலிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி, திறந்த வெளியில் வைக்க முடியாவிட்டால் ஓட்டவே வேண்டாம். சுவரிலுள்ள பிளக்கில் செருகி வீடு முழுவதற்கும் கொடுப்பது கொலைக்குச் சமம். அது தெருக் கம்பிக்கும் ஏறிவிடும்.

தண்ணீர் வடிந்ததும் அடுத்த ஆபத்து காத்திருக்கிறது. டி.பி. எனப்படும் மின்பகிர்வுப் பெட்டிக்குள் சேறு இருக்கும். வெளியில் துடைத்துவிட்டு சுவிட்சைத் தட்டாதீர்கள். எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனை அழைத்து வயர்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். வயரிங்கை மாற்றினால் போராங் ஜி, போராங் எச் என்ற இரு படிவங்களையும் கேட்டு வாங்குங்கள். வேலையும் சோதனையும் முறையாக நடந்ததற்கு அவையே சாட்சி. மீட்டர் வரை தெனாகாவின் பொறுப்பு, அதற்கு உள்ளே வீட்டுக்காரர் பொறுப்பு. வாடகைக்கு இருப்பவர்கள் உரிமையாளரிடம் வாய்மொழியாகச் சொல்லி விடாமல் வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்ப வேண்டும்.

மின்சாரம் தாமதமாக வந்ததற்கு இழப்பீடு கிடைக்குமா? எரிசக்தி ஆணையம் தெனாகாவுக்குச் சேவைத் தர வரையறைகளை வைத்திருக்கிறது. ஆனால் இயற்கைப் பேரிடருக்கு அதில் விலக்கு உண்டு, அந்தக் கதவைத் தட்டிப் பெரிய பலன் இல்லை. கெட்ட பொருளை விற்றவர்மீது போடும் வழக்குக்குத்தான் பலம் அதிகம். விசிறி, அடாப்டர், நீட்டு வயர் போன்றவற்றில் சிரிம் தரச் சான்று முத்திரை இருக்க வேண்டும். வாங்கிய இன்வர்ட்டர் சொன்னபடி ஓடவில்லை, கடைக்காரர் கைவிரிக்கிறார் என்றால், மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்குப் பதியலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் தேவையில்லை. ரசீது மட்டும் தேவை.

காப்புறுதியிலும் ஏமாறுபவர்கள் அதிகம். அடிப்படைத் தீ காப்புறுதியில் வெள்ளம் அடங்காது. வங்கி எடுத்துக் கொடுத்த பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

மின்தடைக்கு 15454, உயிர் ஆபத்துக்கு 999. இரண்டையும் ஒரு தாளில் எழுதி மேல்மாடிச் சுவரில் ஒட்டுங்கள். டிசம்பருக்கு முன் வயர்மேனை ஒருமுறை வரவழைத்து, கீழ்த்தள டி.பி. பெட்டியை மேலே ஏற்ற என்ன செலவாகும் என்று கேட்டு வையுங்கள்.