இன்மையும் ஓர் அளவை

விண்ணிற் சுழலும் செய்மதிகளைக் கொண்டு, மண்ணில் ஒருவர் நிற்கும் இடத்தை அறியும் வித்தை இன்று கைத்தொலைபேசிக்குள் அடங்கிவிட்டது. நடுக்கடலிலும் பிழையாது வழிகாட்டும் அக்கருவி, மக்கள் நெருங்கி வாழும் மாநகரிலே தடுமாறுகின்றது என்பது வியப்பன்றோ!

ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தினின்று வரும் அலை, வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டே தூரம் கணிக்கப்படும். ஒரு செக்கனை நூறு கோடி கூறாக்கினால், அதில் ஒரு கூற்றிலே அவ்வலை 30 சென்ரிமீற்றர் கடந்துவிடும். இருமருங்கும் உயர்ந்த மாடங்கள் நிரைத்த வீதியிலோ, நேரே வரும் அலை மறைபட, எதிர்ச்சுவரின் கண்ணாடியிற் பட்டுத் தெறித்த அலையே கருவியை அடையும். சுற்றி வந்த வழியைக் கருவி நேர்வழியென்றே கொள்ளும். மேலும், வீதியின் நீளப்பாட்டில் வானம் திறந்திருத்தலால் அத்திசையில் வழு குறைவு; குறுக்குப்பாட்டில் மிகுதி. ஆதலின் எந்த வீதி எனச் சொல்லும் கருவி, வீதியின் எந்தப் பக்கம் எனச் சொல்லமாட்டாது. கண்ணுடையார்க்கு இது சிறு தொல்லை. கருவியின் குரலை நம்பி நடக்கும் பார்வையற்றோர்க்கோ, வாகனங்கள் விரையும் வீதியைக் கடப்பதா, நிற்பதா என்னும் உயிர்வினா.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த போல் குரோவ்ஸ் என்பார் 2011ஆம் ஆண்டில் இதற்கொரு முறை வெளியிட்டார். 'நிழற்பொருத்தம்' என அதனைத் தமிழில் வழங்கலாம். கட்டடங்களின் நீளம், அகலம், உயரம் முன்னரே அளந்து வைக்கப்பட்டிருப்பின், வீதியின் ஒவ்வோரிடத்திலும் எச்செய்மதி தோன்றும், எது மறையும் என்று கணித்துவிடலாம். வந்த அலைகளோடு வாராத அலைகளையும் அக்கணிப்பொடு வைத்து நோக்க, மிகப் பொருந்தும் இடமே நிற்குமிடம் எனக் கொள்ளப்படும். வலப்பக்கத்து நடைபாதையில் மறையும் செய்மதி இடப்பக்கத்தே தோன்றுமாகலின், பக்கம் துலங்கிவிடுகின்றது.

மணிமேகலை கூறும் பத்து அளவைகளுள் அபாவமும் ஒன்று, அஃதாவது இன்மை. நம் மாணாக்கர் பரீட்சைக்கு மனனஞ்செய்து மறுநாளே மறப்பது அது! குரோவ்ஸ் அதனைக் கற்றுச் செய்தார் என்று யாம் சொல்லவில்லை. ஆயினும், ஒன்று இல்லாமையே அறிவுக்கு வாயிலாதலை விளக்க இதனினும் நல்ல உதாரணம் வகுப்பறைக்குக் கிடைப்பதரிது.

கட்டடங்களின் வடிவைக் கொண்டு இடவழுவைத் திருத்தும் முறையொன்றினை 2020இல் கூகிள் நிறுவனத்தாரும் அன்ட்ரொயிட் தொலைபேசிகளிற் புகுத்தினர்.

குறையில்லாமலில்லை. தெறித்து வந்த அலை, மறைந்த செய்மதியைத் தோன்றியதாகக் காட்டும். பக்கத்தே வந்து நிற்கும் பெரிய பஸ் வண்டி, தோன்ற வேண்டியதை மறைக்கும். அளந்தபின் புதுமாடம் ஒன்று எழுந்தால் அவ்வீதியின் கணிப்பே பிழைத்துவிடும். ஆதலின், நகரில் ஒரு கட்டடம் எழுந்தோறும், இடிந்தோறும் அவ்வளவைகளையும் திருத்திக்கொண்டே இருத்தல் வேண்டும்.