சோப்பு தின்னும் சாமி வாகனம்



பரீட்சை நாளில் மணக்குள விநாயகரைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் நம் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல். நானும்தான். ஆனால் போன வருஷம் நான் வேண்டிக்கொண்டது மார்க்குக்காக இல்லை. "சாமி, உன் வாகனத்தோட சொந்தக்காரங்களை எங்க வீட்டுப் பக்கம் அனுப்பாதே!" என்றுதான்.

ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு முன்கட்டில் அம்மா ஒரு சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள். மேலே நாட்டு ஓடு. எலிகளுக்கு அது ராஜபாட்டை! அரிசி மூட்டையில் ஓட்டை போட்டால் பசி என்று விட்டுவிடலாம். குளிக்கிற சோப்பு எதற்கு? அட்டைப் பெட்டியைக் குடைந்து, உறையைக் கிழித்து, நாலு மூலையும் கரண்டியால் சுரண்டினது போல இருக்கும்.

சிரிக்காதீர்கள், கணக்கைப் பாருங்கள். 28 ரூபாய்க்கு வாங்கி 30 ரூபாய்க்கு விற்கிற சோப்பு. ஒன்றைக் கடித்தால் அந்த 28 ரூபாயை ஈடுகட்ட இன்னும் 14 சோப்பு விற்க வேண்டும். ஒரே ராத்திரியில் நாலு சோப்பு போன நாளும் உண்டு. கடித்த சோப்பை மொத்தக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார். அதெல்லாம் எங்கள் குளியலுக்குத்தான்.

"எலிக்கும் குளிக்க ஆசை வந்திருக்கும்டா" என்றார் ஆயா. நான் முதல் வருஷ வேதியியல் புத்தகத்தைத் திறந்தேன்.

சோப்பா, சாப்பாடா?

சோப்பு எப்படிச் செய்கிறார்கள் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். தேங்காய் எண்ணெய், பாமாயில், மிருகக் கொழுப்பு என்று ஏதாவது ஒரு கொழுப்பைக் காஸ்டிக் சோடாவோடு வினைபுரிய வைத்தால் சோப்பும் கிளிசரினும் கிடைக்கும். பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கினோம், மறந்தோம். எலி மறக்கவில்லை! சோப்பு உறையில் டி.எஃப்.எம். என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்களே, அது மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. இந்தியத் தர விதிப்படி முதல் தரக் குளியல் சோப்பில் அது குறைந்தது 76 சதவீதம் இருக்க வேண்டும். வயிற்றில் இருக்கிற அமிலம் பட்டதும் சோப்பு பிரிந்து மறுபடி கொழுப்பு அமிலமாகிவிடும். ஆக, நமக்கு அது சோப்பு; எலிக்கு அது கெட்டியான எண்ணெய்ப் பலகாரம்.

துணி துவைக்கிற டிடர்ஜென்ட் கட்டியில் சோப்பைப் போலக் கொழுப்பு கிடையாது. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிற ரசாயனம்தான் அதில் முக்கியம். எங்கள் கடையில் அதை எலி அதிகம் தொடுவதில்லை. காரணம் இப்போது புரிகிறதா?

வாயில் ஒரு ஒர்க்‌ஷாப்

மெக்கானிக்கல் மாணவன் என்பதால் எலியின் பல்லைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. அதன் முன்பற்கள் சாகிற வரை வளர்ந்துகொண்டே இருக்கும். வருஷத்துக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல். முன்பக்கம் மட்டும் கடினமான எனாமல். அதில் இரும்புச் சத்து இருப்பதால்தான் ஆரஞ்சு நிறம். பின்பக்கம் மிருதுவானது. உரசும்போது மிருதுவான பக்கம் சீக்கிரம் தேய்கிறது, கடினமான பக்கம் கூர்மையாக நிற்கிறது. நாம் உளியைச் சாணை பிடிக்க கிரைண்டிங் வீலுக்கு ஓடுகிறோம். எலிக்குக் கடிக்கிறதே சாணை!

முன்பல்லுக்குப் பின்னால் உதட்டை மூடிக்கொண்டு கடிக்கவும் அதற்குத் தெரியும். தூள் வாய்க்குள் போகாது. அதனால்தான் மரக்கதவு, கரண்ட் வயர், பிளாஸ்டிக் டப்பா எதையும் தின்னாமலே கடித்துத் தள்ளுகிறது. பிளாஸ்டிக் டப்பாவை நம்பினால் மோசம்தான்.

மருந்து வைத்தால்?

அப்பா ஒரு நாள் எலிப் பசை டியூப் வாங்கி வந்து, தேங்காய்ச் சில்லில் தடவி மூட்டைக்குப் பின்னால் வைத்தார். மறுநாள் காலையில் அந்தச் சில்லு என் நாலு வயசுத் தம்பியின் கையில் இருந்தது. வாய்க்குப் போவதற்கு முன்னால் பிடுங்கிவிட்டேன். அன்றைக்கு முழுவதும் என் கை நடுக்கம் நிற்கவில்லை.

அந்த வகைப் பசையில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். அது ஈரலைத் தின்றுவிடும். முதல் ஒன்றிரண்டு நாள் ஆள் நன்றாக இருப்பது போலத் தெரியும். பிறகுதான் காமாலை வரும். அதற்கென்று முறிவு மருந்து கிடையாது. யாராவது தெரிந்தோ தெரியாமலோ விழுங்கிவிட்டால், "நல்லாத்தானே இருக்கான்" என்று ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கோபமோ வருத்தமோ வந்த ஒரு நேரத்தில் கைக்கு எட்டுகிற இடத்தில் அது இருக்கவே கூடாது தோழர்களே!

சரி, மருந்தால் எலியாவது ஒழியுமா? 1940-களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் டேவிட் டேவிஸ் என்ற விஞ்ஞானி எலிகளைக் கணக்கெடுத்து ஆராய்ந்தார். பிடித்தும் கொன்றும் குறைத்த எலிகள் கொஞ்ச காலத்தில் பழைய எண்ணிக்கைக்கே வந்துவிட்டன. தீனியையும் ஒளிகிற இடத்தையும் குறைத்தால்தான் எலி குறைந்தபடியே இருந்தது. சினையானால் மூன்றே வாரத்தில் குட்டி போடுகிற ஜாதியோடு எண்ணிக்கையில் போட்டி போட முடியுமா?

நாங்கள் செய்தது

1. சோப்பு, மெழுகுவத்தி, பிஸ்கட் எல்லாம் இறுக்கமான மூடி போட்ட தகர டின்னுக்குள் போனது. காலி டின்னைப் பெரிய மார்க்கெட்டில் வாங்கினோம்.

2. ஒன்றேகால் சென்டிமீட்டர் சந்து இருந்தால் எலி நுழையும். அதில் பாதி போதும் சுண்டெலிக்கு. 6 மில்லிமீட்டர் கண் உள்ள கம்பி வலையை நானே வெட்டி அடித்தேன். கதவின் அடியில் தகடு அடித்தேன்.

3. மூட்டைகளைப் பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்கினோம். ராத்திரி கடையைக் கூட்டாமல் படுப்பதில்லை.

4. மிச்சம் இருந்தவற்றுக்கு எலிப்பெட்டி. இரை? ஒரு துண்டு சோப்பு!

மூஞ்சூறை மட்டும் அடிக்காதீர்கள். நீண்ட மூக்கோடு சுவரோரமாக ஓடுகிறதே, அது எலி ஜாதியே இல்லை. கரப்பானையும் பூச்சியையும் தின்கிற பிராணி.

மூன்று மாதமாகக் கடையில் ஒரே ஒரு சோப்புதான் போயிருக்கிறது. அன்றைக்கு டின்னை மூடாமல் படுத்தவன் நான்தான். "படிச்ச புள்ளை!" என்று அம்மா சிரித்தார்கள்.

ஆனால் எங்கள் கதவை மூடினால் எலி பக்கத்து வீட்டுக்குப் போகும். தெருவில் குப்பையும் வாய்க்காலில் எச்சில் இலையும் கிடக்கிற வரை எலிக்குப் பஞ்சமில்லை. படித்த வேதியியலையும் ஒர்க்‌ஷாப்பையும் வீட்டுக்கும் தெருவுக்கும் கொண்டு போவோம். எலியைக் கொல்வதை விட, தீனியைப் பூட்டுவது மேல்!

– இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு மாணவன்