உச்சியைவிடக் குளிரும் பள்ளம்

மார்கழியில் பர்லியாரிலிருந்து தொட்டபெட்டா சிகரத்துக்கு நடந்தால், கம்பளிச் சட்டையை எங்கே அணிவீர்கள்? பர்லியாரின் உயரம் சுமார் 800 மீட்டர்; மங்குஸ்தான் விளையும் இதமான இடம். தொட்டபெட்டாவோ 2,637 மீட்டர். ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். எனவே சிகரத்தில் ஏறக்குறைய 12 டிகிரி குறைந்திருக்கும்.

ஆனால் மேகமும் காற்றும் இல்லாத இரவில் ஒரு விந்தை நிகழ்கிறது. தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து குளிர்கிறது. அதையொட்டிய காற்றும் குளிர்ந்து, கனமாகி, சரிவில் வழிந்து, பள்ளங்களில் தேங்குகிறது. உதகைப் பகுதியில் உறைபனி படர்ந்து தேயிலைக் கொழுந்தைக் கருக்குவது பெரும்பாலும் அங்கேதான். ஆகவே விடியுமுன் நடப்பவர்களே, கம்பளி உச்சிக்கு மட்டும் என்று எண்ணாதீர்கள், பள்ளத்திலேயே அணிந்துகொள்ளுங்கள்!